வியாழக்கிழமை போடாத ஊசி

கிடேரிகள் ஏன் சினை பிடிப்பதில்லை என்று கேட்டால் நம் கால்நடைத் துறையில் ஆளுக்கொரு பதில் வைத்திருப்பார்கள். உறைவிந்து சரியில்லை, தீவனம் போதவில்லை, வெயில் தாங்கவில்லை. எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் ஒரகடம் பக்கத்தில் நான் வேலை பார்த்த வருடங்களில் நான் கண்ட முதல் காரணம் வேறு. வீட்டில் ஆள் இல்லை.

மாடு பருவத்துக்கு வந்து கத்தும்போது வீட்டுக்காரர் ஏ ஷிப்டில் இருப்பார். மனைவி பி ஷிப்டுக்குக் கிளம்பிப் போயிருப்பாள். மறுநாள் பக்கத்து வீட்டில் யாராவது, "நேத்து பூரா உங்க மாடு கத்திகினே இருந்துச்சே" என்று சொன்ன பிறகு சினை ஊசி போடுகிறவரைக் கூப்பிடுவார்கள். அவர் வருவதற்குள் நேரம் கடந்திருக்கும். போட்ட ஊசி வீண். மூன்று முறை இப்படி ஆனால் மாட்டை மலடு என்று சொல்லி விற்றுவிடுவார்கள். மாட்டின் மேல் ஒரு குறையும் இருந்திருக்காது.

அதனால்தான் எல்லாக் கிடேரிகளையும் ஒரே சமயத்தில் பருவத்துக்குக் கொண்டுவரும் ஹார்மோன் ஊசி இந்தப் பக்கத்துக்கு ஒரு வரம் மாதிரி வந்தது. வியாழக்கிழமை மருந்து போட்டால் ஞாயிற்றுக்கிழமை, வார விடுமுறையில், வீட்டில் ஆள் இருக்கும்போது மாடு பருவத்துக்கு வரும். அளவும் முறையும் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். அதை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. அந்த மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றிய பிறகு, போடாமல் திரும்பி வந்த ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

பிள்ளைப்பாக்கத்தை ஒட்டிய ஓர் ஊர். பூபாலன் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் வெல்டர். அவன் மனைவி தேன்மொழி செல்போன் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் லைனில் வேலை. பூபாலனின் அம்மா கன்னியம்மா வீட்டையும் மாடுகளையும் பார்த்துக்கொண்டாள். மாட்டின் பருவ அடையாளத்தைக் கவனிக்கும் அளவுக்குக் கண் தெரியாது, ஆனால் நாக்கு கூர்மை. கலெக்டராக இருந்தாலும் ஒருமையில்தான் பேசுவாள். நிலத்தை விற்ற பணம் முழுதும் வீடு கட்டுவதிலேயே போய்விடக்கூடாது என்று எட்டுக் கலப்பினக் கிடேரிகளை வாங்கிக் கட்டியிருந்தார்கள். ஒன்றுகூடச் சினையாகவில்லை. இன்னும் ஒரு மாதம் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் சந்தைக்கு ஓட்டி விற்றுவிடலாம் என்று பூபாலன் முடிவு செய்திருந்தான்.

முதல் முறை போய் எட்டையும் உள்ளே கைவிட்டுப் பரிசோதித்தேன். இரண்டு மிகவும் மெலிந்திருந்தன. அவற்றுக்குப் பூச்சி மருந்தும் தாது உப்பும் எழுதிக் கொடுத்து, "இதுங்க ரெண்டும் இப்ப வேணாம். உடம்பு தேறட்டும்" என்று ஒதுக்கினேன். மற்ற ஆறும் நன்றாகவே இருந்தன. குறை மாட்டில் இல்லை, பருவத்தைக் கவனிக்க ஆள் இல்லாததுதான் என்று சொன்னதும் தேன்மொழியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கிடேரிகளிடம் அவளுக்குத்தான் அதிகப் பழக்கம். ஷிப்டுக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் தீவனம் வைப்பவள் அவள். அதிலும் ஒரு செவலைக் கிடேரி அவளைத் தவிர வேறு யார் கயிற்றைப் பிடித்தாலும் எகிறிவிடும்.

அடுத்த வியாழக்கிழமை காலை மருந்தோடு போனேன். பூபாலன் லீவு போட்டுவிட்டு நின்றான். தேன்மொழிக்குப் பி ஷிப்ட், மதியம்தான் கிளம்ப வேண்டும். கிடேரிகளை வேப்பமரத்தடியில் வரிசையாகக் கட்டியிருந்தார்கள். செவலையிலிருந்து தொடங்கலாம் என்று சொல்லிச் சிரிஞ்சில் மருந்தை ஏற்றினேன். வழக்கமாகச் சொல்லும் எச்சரிக்கையைச் சொன்னேன்.

"கர்ப்பமா இருக்கறவங்க, ஆஸ்துமா இருக்கறவங்க யாராவது இருந்தா தள்ளிப் போயிடுங்க. இந்த மருந்து தோல்ல பட்டாலே உடம்புக்குள்ள போயிடும். கர்ப்பம் கலைஞ்சிடலாம்."

கன்னியம்மா உடனே பதில் சொன்னாள். "ஆஸ்துமா யாருக்கும் இல்ல. இன்னொன்னும் இல்ல. அதுதான் இந்த வூட்ல ஆறு வருசமா தங்கலியே."

"யம்மா, சும்மா இரு" என்றான் பூபாலன்.

தேன்மொழி செவலையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றாள். பிறகு கயிற்றைக் கணவனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கைகளில் வெள்ளைத் துணிக் கையுறை. கம்பெனியில் லைனில் போடுவது.

"இன்னா தேனு, மாட்டுக்கும் கம்பெனி கிளவுஸா?" பூபாலன் சிரித்தான்.

"கயிறு கையை அறுக்குது" என்றாள்.

போன முறை அவள் வெறுங்கையால் எட்டு மாட்டையும் பிடித்திருந்தாள். அறுத்ததாகச் சொல்லவில்லை. இப்போது கையுறையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டு, உடம்பை ஒருபக்கமாகத் திருப்பி, கையை நீட்டிக் கயிற்றின் நுனியைப் பிடித்திருந்தாள். முகத்தை என் பக்கம் திருப்பவே இல்லை.

சிரிஞ்ச் என் கையில் இருந்தது. மாடு ஓர் உதறு உதறினால் மருந்தில் எவ்வளவு தெறிக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். துணிக் கையுறை அதைத் தடுக்காது. உறிஞ்சி வைத்துக்கொண்டு தோலோடு ஒட்டிப் பிடித்திருக்கும்.

அவளை நேரே கேட்கலாம். ஆனால் அந்த மாமியாருக்கும் கணவனுக்கும் முன்னால் அவள் என்ன பதில் சொல்வாள்? ஆமாம் என்று சொல்ல அவள் தயாராக இல்லை என்பதைத்தான் அந்தக் கையுறை சொல்லிக்கொண்டிருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டால் நான் ஊசியைப் போட்டாக வேண்டும். நீ தள்ளிப் போ என்று சொன்னாலும் எல்லோருக்கும் புரிந்துவிடும். அவள் இல்லாமல் செவலை நிற்காது.

மருந்துப் பாட்டிலை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். "கலங்கின மாதிரி இருக்கு. இதை இன்னைக்குப் போட மாட்டேன்" என்றேன்.

மருந்து தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது.

பூபாலனுக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம். "இன்னாம்மா, வெளாட்றீங்களா? நா லீவு போட்டுட்டு நிக்கிறேன். கிளம்பும்போதே பாத்து எடுத்துகினு வர்றது இல்லியா?"

"தப்புதான். அடுத்த வாரம் வர்றேன்."

"நீங்க வரவே வேணாம். எனக்கு வேற ஆளு கீறாரு."

பெட்டியை மூடி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். திட்டு வாங்கியது உறைக்கவில்லை. ஒரு பெண்ணைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றிவிட்டோம் என்ற திருப்திதான் மனதில் இருந்தது. ஒரகடம் கூட்டு ரோட்டில் சிக்னலுக்காக ஒரு கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் நின்றேன். அப்போதுதான் பூபாலன் கடைசியாகச் சொன்னது உறைத்தது. வேற ஆளு கீறாரு.

அந்த ஆள் வருவார். அவர் கையிலும் இதே மருந்துதான் இருக்கும். செவலையைப் பிடிக்க இதே தேன்மொழிதான் நிற்பாள், அதே துணிக் கையுறையோடு. நான் அவளைக் காப்பாற்றவில்லை. என் கண்ணில் படாத இடத்துக்கு ஆபத்தைத் தள்ளிவிட்டு வந்திருக்கிறேன்.

பச்சை விழுந்தது. முன்னால் போகாமல் வண்டியைத் திருப்பினேன். பின்னால் வந்த கம்பெனி பஸ் டிரைவர் திட்டியது எனக்கு நியாயமாகவே பட்டது.

நான் போய் நின்றபோது பூபாலன் போனில் பேசிக்கொண்டிருந்தான். "இப்பவே வந்துடுங்க. ஆறு கீது" என்று சொல்லிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்ததும் நிறுத்தினான். தேன்மொழி மாட்டுத் தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது.

வழி முழுதும் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்திருந்தேன். இன்னொரு பொய் சொல்லக்கூடாது, உண்மையைச் சொன்னால் அவள் மாட்டிக்கொள்வாள். கடைசியில், அவளை மட்டும் சுட்டிக்காட்டாத ஓர் உண்மையைச் சொல்லலாம் என்று தோன்றியது.

"பூபாலன், மருந்து கலங்கியிருக்குன்னு நான் சொன்னது சரியில்ல. மருந்து நல்லாத்தான் இருக்கு. போடற விதம்தான் சரியில்ல. இப்படிக் கயித்துல புடிச்சுகிட்டு இந்த மருந்தப் போடவே கூடாது. யாரு மேல வேணா தெறிக்கும். இனிமே எந்த வீடா இருந்தாலும் இந்த ஊசி போடும்போது பொம்பளைங்க யாரும் பக்கத்துல நிக்கக்கூடாது. சிரிஞ்சு, பாட்டில் எதையும் தொடக்கூடாது. நான் தொடறேன்னா எனக்கு ரப்பர் கிளவுஸ் இருக்கு, வயசும் தாண்டிடுச்சு."

கன்னியம்மா எழுந்து வந்தாள். "பொம்பள தொடக்கூடாதுன்னா, தீட்டு கீட்டா?"

"தீட்டு இல்லம்மா. மருந்துதான் ஆபத்து."

"அப்ப நானும் நிக்கக்கூடாதா?"

"நீங்களும்தான்."

"எனக்கு இன்னா ஆவப் போவுது இனிமே?" என்று அவள் சிரித்தாள். "டேய் பூபாலா, கேட்டுக்கோ. உனக்குத் தம்பி பொறக்கும்னு டாக்டரம்மா பயப்படறா."

பூபாலனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விடவில்லை. "அது சரிங்க மேடம். செவலையை அவ புடிக்கலைன்னா யாரு புடிக்கறது? என்னியே முட்டும்."

"யாரும் புடிக்க வேணாம். ஒரு டிராவிஸ் இருந்தா போதும்." மாட்டை உள்ளே விட்டு நிறுத்தும் குழாய்க் கூண்டைத்தான் சொன்னேன். "நீங்க வெல்டர்தானே?"

அவன் செவலையின் தோளைக் கண்ணால் அளந்தான். பிறகு, "எவ்ளோ அகலம்?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வி வந்தவுடன் கோபம் தீர்ந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவன் கூப்பிட்டிருந்த ஆளையே மறுபடி அழைக்கச் சொல்லிப் போனை வாங்கினேன். அந்தப் பக்கத்தில் இருந்தவர் எனக்குத் தெரிந்தவர்தான், பல வருடமாகச் சினை ஊசி போடுகிறவர். ஊசியை ஏன் தள்ளிவைக்கிறோம் என்று சொல்லிவிட்டு, நீங்கள் போடும் வீடுகளில் பெண்களை விலகச் சொல்கிறீர்களா என்று கேட்டேன்.

"நா யாரையும் கேக்கறதே இல்லியே மேடம். ஒடச்சமா, போட்டமான்னு போய்கினே இருப்பேன்" என்றார். பிறகு மெதுவாக, "என் வூட்டுக்காரிதான் மேடம் சிரிஞ்செல்லாம் கழுவி வெப்பா. அவ கழுவலாமா?"

"கழுவக்கூடாது" என்றேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தப் போன் பேச்சை நான் இன்றுவரை மறக்கவில்லை.

இதற்குள் நேரமாகிவிட்டது. தேன்மொழியின் கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் நிற்கும் நேரம். "நான் அந்தப் பக்கம்தான் போறேன், ஏறிக்கோ" என்றேன். பஸ் நிற்கும் இடத்தில் இறங்கினாள். அங்கே வேறு யாரும் வந்திருக்கவில்லை.

"உங்களுக்கு எப்படி மேடம் தெரிஞ்சுது?"

"கிளவுஸ் போட்டியே."

அவள் கண் நிறைந்தது. "நா நவுந்தா ஏன்னு கேப்பாங்க. அதான் கிளவுஸ் போட்டா ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன்."

"துணி உறிஞ்சிக்கும். சொல்லாம விட்டது என் தப்பு."

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் பக்கம் ஒரு மெடிக்கலில் கிட் வாங்கி, கம்பெனி பாத்ரூமில் பார்த்திருக்கிறாள். நான்கு நாள்தான் ஆகிறது. இதற்கு முன் இரண்டு முறை தங்கி, கலைந்திருக்கிறது. "ரெண்டு வாட்டியும் மொதல்லியே சொன்னேன் மேடம். தெரு பூரா வந்து பாத்தாங்க. போனதுக்கப்புறமும் பூரா பேரும் வந்து பாத்தாங்க. இந்த வாட்டி ஸ்கேன்ல நெஞ்சு துடிக்கறதப் பாக்கற வரைக்கும் யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு இருக்கேன்."

"வீட்டுக்காரர்கிட்டகூடவா?"

"அவருக்குச் சந்தோசம் வந்தா வாய் நிக்காது மேடம். ஒரு ஷிப்டு முடியறதுக்குள்ள கம்பெனிக்கே தெரிஞ்சுடும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு, "அத்தைக்குத் தெரிஞ்சா இன்னும் கஷ்டம்" என்றாள்.

டாக்டரிடம் உடனே போகச் சொன்னேன். இரண்டு முறை கலைந்ததை மறைக்காமல் சொல்லச் சொன்னேன். பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவள் கையை வயிற்றில் வைக்கப் போய், பக்கத்தில் ஆள் இருப்பதைப் பார்த்து எடுத்துக்கொண்டாள்.

பூபாலன் டிராவிஸை இரண்டு வார விடுமுறைகளில் முடித்தான். பழைய குழாய்களை வெட்டி, முனைகளை மழுக்கி, மாட்டின் தோள் உரசாமல் வளைத்துப் பற்ற வைத்திருந்தான். நான் பார்த்த டிராவிஸ்களில் அதுதான் அழகானது. கிடேரிகளை முன்கூட்டியே அதில் விட்டுத் தீவனம் வைத்துப் பழக்குங்கள் என்று சொல்லியிருந்தேன். செய்திருந்தார்கள். மறுபடியும் பரிசோதித்து, தயாராக இருந்த ஆறுக்கும் மருந்து போட்ட வியாழக்கிழமை, வீட்டில் பூபாலன் மட்டும்தான் இருந்தான். கன்னியம்மா காலையிலேயே மருமகளைக் கூட்டிக்கொண்டு வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போய்விட்டாள் என்று சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து கிடேரிகள் நன்றாகப் பருவத்துக்கு வந்தன. ஐந்துக்கும் சினை ஊசி போட்டேன். ஒன்று வரவில்லை. மருந்துதான் போட்டாயிற்றே, அதற்கும் சேர்த்துப் போட்டுவிடுங்கள் என்று பூபாலன் கேட்டான். நான் போடவில்லை. இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எண்ணிக்கைக்காகப் போடும் ஊசிதான் நம் சினை விகிதத்தைக் கெடுப்பது. இன்னொன்று, அன்று செவலை உட்பட எந்த மாடும் ஓடவில்லை, இரைக்கவில்லை, அடி வாங்கவில்லை. நின்ற இடத்தில் அசைபோட்டுக்கொண்டே நின்றன. துரத்திப் பிடித்து, மூக்கணாங்கயிற்றை முறுக்கி, மிரண்ட மாட்டுக்குப் போடும் ஊசிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் அந்த வீட்டில்தான் தெளிவாகப் பார்த்தேன். ஒரு பெண்ணுக்காக வைத்த கூண்டு மாடுகளுக்கும் நல்லதாக முடிந்தது. அதற்குப் பிறகு கூண்டு இல்லாத வீட்டில் நான் அந்த மருந்தைத் திறந்ததில்லை. யார் கர்ப்பம் என்று கூட்டத்தில் கேட்டதும் இல்லை. பெண்கள் எல்லோரும் விலகுங்கள் என்று சொல்லிவிடுவேன். முகம் சுளிப்பார்கள், தீட்டா என்று கேட்பார்கள். பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். பதில் சொல்ல முடியாத ஒருத்தி அந்தக் கூட்டத்தில் இருக்கலாம்.

மூன்று மாதம் கழித்துச் சினைப் பரிசோதனைக்குப் போனேன். ஐந்தில் நான்கு சினை. செவலை சினை. பூபாலன் வேலைக்குப் போயிருந்தான். தேன்மொழி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனவளைக் கன்னியம்மா அதட்டி உட்கார வைத்தாள்.

கொட்டகைப் பக்கம் நான் கை கழுவ, கன்னியம்மா சொம்பில் தண்ணீர் ஊற்றினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அன்னிக்கு நீ பாதி வழியில திரும்பி வந்தியே, அது மாட்டுக்காக இல்லன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். "எப்பத் தெரிஞ்சுது?"

"என்னியும் சேத்து நிக்கக்கூடாதுன்னு சொன்ன பாரு, அப்ப. இந்தக் கெழவிக்கு இன்னா ஆவப் போவுதுன்னு சிரிச்சுகினே யோசிச்சேன். இந்த மங்கக் கண்ணுக்கே அவ மூஞ்சி தெரிஞ்சுது. புரிஞ்சிடுச்சு."

"அவகிட்ட கேக்கலியா?"

"கேட்டா அவ சொல்லியாவணும். ரெண்டு வாட்டி நா தெருவெல்லாம் சொல்லிட்டு வந்தேன். அதுக்கப்புறம் அவ எங்கிட்ட ஏன் சொல்லுவா?" தண்ணீரை இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். "அதான் தெரியாத மாதிரியே இருந்தேன். மருந்து போடற அன்னிக்குக் கோயிலுக்கு இஸ்துகினு போனேன். வேண்டுதல்னு சொல்லி வெயிட்டு தூக்க விடல. ஸ்கேன் எடுத்துட்டு வந்து, 'அத்தே, இருக்குது'ன்னு சொன்னா. இப்பதான் தெரிஞ்ச மாதிரி அவளைக் கட்டிகினு அழுதேன்."

சொம்பைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் என் கையைத் துடைத்துவிட்டாள்.

"அழுதது மட்டும் நெசம்" என்றாள்.